ஒன்பதரைக்கு முன்னால்

பதினோராம் எண் பஸ் மூன்று போய்விட்டன. வில்ஃப் ட்ரான்டர் ஒன்றுக்கும் கை நீட்டவில்லை.

ஒவ்வொன்று நெருங்கும்போதும் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தார். ஜேனிஸ் இல்லை. மறுபடி நிழற்குடைக்குள் வந்து நிமிர்ந்து நின்றுகொண்டார்.

கையில் ஒரு பழுப்புக் காகிதப் பை. மருத்துவமனை நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தும் டையின் முடிச்சு தளரவில்லை.

பழைய தெருக்காரி ஐரிஸ், கடைக்குப் போகும் சக்கரப் பையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் ஒன்பதரை ஆகட்டும் என்று காத்திருப்பதாக நினைத்தாள். முதியோரின் இலவச பஸ் அட்டை அதற்குப் பிறகுதான் செல்லும்.

அதற்கு முன்பே வந்துவிடும் கிழடுகள் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்பது ஒரே கேள்விதான்: சீக்கிரமா வந்துட்டேனா? ஓட்டுநர்கள் அவர்களுக்குச் ‘சீக்கிரக்காரர்கள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பர்மிங்காம் முழுக்க அந்தச் சிரிப்பு உண்டு.

வில்ஃப் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அவசரமென்றால் காசு கொடுத்துப் போவார், இல்லையென்றால் நடப்பார். படியில் நின்று சலுகை கேட்பது ட்ரான்டர் வீட்டு வழக்கம் இல்லை.

“பதினொண்ணுல காலையே வைக்கமாட்டேன்னு சொன்ன மனுஷன், இன்னிக்கு அதுக்கே வந்து நிக்கிறியே வில்ஃப்?” என்றாள் ஐரிஸ்.

அவர் அடுத்த பஸ் வரும் திசையைப் பார்த்தார். அதில் ஏறாததற்குக் காரணம் தெருவுக்கே தெரியும்.

மகன் கிளைவ் குடித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் மேல் காரை ஏற்றிவிட்டான். கூட இருந்தவள் அவன் தங்கை ஜேனிஸ். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல் போதும் என்றார் அப்பா. அவளோ கோர்ட்டில் நின்று, ஓட்டியது என் அண்ணன்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். ட்ரான்டர் என்ற பெயர் பேப்பரில் வந்தது.

அன்று மாலையே அவளுக்குக் கதவு சாத்தப்பட்டது. பிறகு அவள் பதினோராம் எண்ணை ஓட்டுகிறாள் என்று காதில் விழுந்தது. அது ஊரைச் சுற்றி வட்டமடிக்கும் பஸ். அதில் ஏறாமலிருக்க, பக்கத்து வட்டாரத்துக்குப் போவதற்கும் நகர மையம்வரை ஒரு பஸ்ஸில் போய், இன்னொன்றில் வெளியே வந்தார். வருஷக்கணக்காக அப்படித்தான் அலைந்தார். அவரோடு சேர்ந்து மனைவி மேவிஸும் அலைந்தாள்.

திங்கட்கிழமை மேவிஸ் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவர் கையைப் பிடித்து, ஜேனிஸைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். பார்க்கலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமையும் பார்க்கலாம் என்றார்.

நேற்று அவள் கேட்கவில்லை.

நான்காவது பஸ் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஜேனிஸ். தலை நரைத்திருந்தது. அவருக்கு முன்பே ஐரிஸின் கை நீண்டிருந்தது.

விடியற்காலையிலிருந்து வில்ஃப் ஒரே ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். படியில் ஏறினார். பின்னால் ஐரிஸின் பை காலில் இடித்தது. ஜேனிஸ் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வாக்கியம் வரவில்லை.

“சீக்கிரமா வந்துட்டேனா?” என்றுதான் வாய் கேட்டது.

ஜேனிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

“கொஞ்சம் சீக்கிரம்தான்ப்பா. பரவாயில்ல, ஏறுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. அது குத்தலா, மன்னிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எதுவானாலும் தாங்கிக்கொள்ள வேண்டியவர் அவர்தான்.

“அம்மா சீட் காலியாத்தான் இருக்கு. அங்கயே உக்காருங்க” என்று முன்வரிசையைக் காட்டினாள்.

வில்ஃப் அந்த இருக்கையைப் பார்த்தார். ஓட்டுநரின் கண்ணாடியில் முகம் தெரியும் இடம்.

வியாழக்கிழமை தவறாமல் மேவிஸ் அக்கா வீட்டுக்குப் போய்வருவாள். மத்தியானம் வரை அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று அவர் கேலி செய்வதுண்டு. சும்மா உட்கார்ந்திருப்போம் என்பாள்.

இன்றும் வியாழக்கிழமை.

உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் நகர்ந்தது.

ஹார்பர்னில் சிவப்பு விளக்கு விழுந்தது. ஜேனிஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அத்தனை வருஷம் கழித்து அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அம்மாதானே உங்களை அனுப்பிவைத்தாள், அவள் ஏன் கூட வரவில்லை என்று கேட்டாள்.

பஸ் நிறைய ஆட்கள். நின்றுகொண்டு சிலர், கைக்குழந்தையோடு ஒருத்தி. விளக்கு பச்சையானது.

வில்ஃப் அவள் தலைக்கு மேலிருந்த அறிவிப்புப் பலகையைச் சுட்டினார்.

“வண்டி ஓடும்போது ஓட்டுறவங்ககிட்ட பேசக்கூடாதுன்னு எழுதியிருக்குல்ல? அப்புறம் சொல்றேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டும்மா.”

ஜேனிஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவர் பையின் வாயை இன்னொரு மடிப்பு மடித்தார். உள்ளே மேவிஸின் செருப்பு, மூக்குக்கண்ணாடி, ஓரம் தேய்ந்த பஸ் அட்டை. விடியற்காலையில் நர்ஸ் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்து வைத்துக் கொடுத்தவை.

பேர்வுட், பெர்ரி பார், அர்டிங்டன் எல்லாம் சுற்றிப் போய், ஏகாக்ஸ் கிரீன் டிப்போவில்தான் ஓட்டுநர் மாறுவார்கள்.

அதுவரைக்கும் அவளுக்கு அம்மா இருந்தாள்.