வெள்ளாடு வாங்கிய பலகை

காற்றில் பறக்கும் பட்டம் தன்னை இழுத்துப் போக, பலகையில் நின்று கடல்மேல் சறுக்க ஆசைப்பட்டது ஒரு வெள்ளாடு. கடையில் இருந்ததிலேயே அகலமான பலகைமேல் ஏறிப் பார்த்தது. நான்கு கால்களும் தாராளமாக நின்றன.

“கதவு மாதிரி இருக்கு. கெட்டிக்காரங்க என்னோடது மாதிரி ஒல்லியாத்தான் வாங்குவாங்க,” என்றது தன் பலகையோடு பக்கத்தில் நின்ற நீர்நாய்.

“நான் இன்னும் கத்துக்கவே ஆரம்பிக்கலை. எனக்கு நிக்க இடம் வேணும். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கட்டும்,” என்று அதையே வாங்கியது ஆடு.

கொம்பில் பட்டக் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆடு கடலில் இறங்கியது. விழுந்தது, உப்புத் தண்ணீரைத் துப்பியது, மறுபடி ஏறியது. கரையே சிரித்தது. ஆடு திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் காற்று தணிந்தது. வேகமில்லாமல் ஒல்லிப் பலகை தண்ணீரில் அமிழ, நீர்நாய் அதை இழுத்துக்கொண்டு நீந்தி வந்தது. அகலப் பலகைமேல் ஆடு மட்டும் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

“கரைக்குத் திரும்பி வரத் தெரியுமா உனக்கு?” என்று கத்தியது நீர்நாய்.

“இன்னும் தெரியாது,” என்ற ஆடு, கொம்பை நிமிர்த்தி, இருந்த காற்றையெல்லாம் பிடித்தது.