பைரி விழும் நேரம்

"பின்னாடி சந்துல மறுபடியும் என்னமோ விழுந்துச்சும்மா. மேலேருந்து. மனுஷன் மாதிரி."

சொல்லிவிட்டுக் காவலாளி சந்துப் பக்கம் கை காட்டினான். பதினான்காம் மாடி அம்மா காய்கறிப் பையைக் கீழே வைத்தார். அந்தக் கட்டடத்தில் அவனிடம் நின்று பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

"போய்ப் பாத்தீங்களா தம்பி?"

"ஓடிப் போய்ப் பாத்தேன். தரையில ஒண்ணுமே இல்ல. நாலஞ்சு இறகு மட்டும் காத்துல சுத்திக்கிட்டு இருந்துச்சு."

காவல் அறைக்குச் சாண் அகலத்தில் ஒரு பக்க ஜன்னல். அதன் வழியே, கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவிலுள்ள சந்து ஒரு கீற்றாகத் தெரியும். அந்தக் கீற்றில்தான் கறுப்பாக ஏதோ சரேலென்று இறங்கியது. இதற்கு முன்னால் இரண்டு முறை அவன் அபாய மணியை அடித்து, குடியிருப்பவர்கள் எல்லாம் இறங்கி வந்து, தீயணைப்பு வண்டியும் வந்து வெறும் தரையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. இன்னொரு தடவை மணி அடித்தால் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். சீருடை போனால் மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையும் போகும். அங்கே அவன் மனைவியும், பிறந்து இருபதே நாளான குழந்தையும் இருந்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. அவனை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய், ஒரு பைனாகுலரைக் கையில் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது. சாம்பல் முதுகு. கண்ணுக்குக் கீழே மீசை வரைந்தது போலக் கறுப்பு.

"பருந்தாம்மா?"

"பைரி. மலைப் பாறையில இருக்கிறது. இப்பல்லாம் ஊருக்குள்ள வந்து, உயரமான கட்டடத்தையே பாறைன்னு நினைச்சுக்குது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பைரி சிறகை மடக்கிக்கொண்டு, கை தவறிய கல்லைப் போல விழுந்தது. சந்துக்குள் பறந்த ஒரு புறா, தலையணை கிழிந்தது போல இறகாகச் சிதறியது. சத்தமே இல்லை. விழுந்தது தரையைத் தொடாமல், புறாவைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே வந்தது.

"இனிமே எது விழுந்தாலும் பைரின்னு நினைச்சுக்குங்க," என்றார் அம்மா. "நாற்காலிய விட்டு எந்திரிக்காதீங்க. பிள்ளை பெத்தவர், வேலை முக்கியம்."

தெய்வம் போல வந்து சொன்னார் என்று காவலாளி மனைவியிடம் சொல்லி மாய்ந்து போனான்.

முதலில் பைரி நினைத்த நேரத்தில் விழுந்தது. பிறகு நேரம் தவறாமல் நாலு பத்துக்கு விழத் தொடங்கியது. நாலு மணிக்கு அவன் ஜெனரேட்டரை இருபது நிமிடம் சோதனைக்காக ஓட விடுவான். அறையே அதிரும், பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்த அதிர்வுக்குள் ஜன்னல் கீற்றில் ஒரு கறுப்பு இறங்கும், அடுத்த மூச்சில் மேலே ஏறிவிடும். இப்போதெல்லாம் ஒரு இறகுகூட விழுவதில்லை. பறவைக்கும் கடிகாரம் பார்க்கத் தெரிந்துவிட்டது என்று அவன் சிரித்துக்கொண்டான். ஆனாலும் அந்த நேரம் வந்தால் பிடரி சிலிர்க்கும்.

ஐந்து மணிக்கு அம்மா இன்டர்காமில் கேட்பார்.

"வந்துச்சா தம்பி?"

"வந்துச்சும்மா."

"எந்திரிச்சீங்களா?"

"இல்லம்மா."

"நல்ல பழக்கம்."

சில நாள் அவர் குரலுக்குப் பின்னால் அவருடைய கணவர் கத்துவதும், ஏதோ உடைவதும் கேட்கும். மதியத் தூக்கம் கலைந்ததும் சந்துப் பக்கத்துப் பால்கனிச் சுவரில் ஏறி உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறவர் அந்த மனிதர். காலையில் சந்துக் குப்பையைக் கூட்டினால் முக்கால்வாசி அவர் போட்ட துண்டுகள்தான். அம்மாவின் மணிக்கட்டில் நீலம் பாய்ந்திருந்ததை ஒருமுறை காவலாளி பார்த்தான். பார்க்காதது போல இருந்துகொண்டான்.

இன்றும் நாலு பத்துக்குக் கீற்றில் கறுப்பு இறங்கியது. அவன் தலை தூக்கவில்லை. அது மேலே ஏறியதா என்றும் பார்க்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் அம்மா இறங்கி வந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். ஒரு பெரிய பையைப் மாடிப்படி அறையில் அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவன் பக்கம் வந்தார்.

"பழசுதான் தம்பி. குழந்தைக்கு ஒரு தலையணை, துணி காயப்போடக் கயிறு. எனக்கு இனிமே வேண்டாம்." ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, வழக்கம்போலக் கேட்டார். "வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"எந்திரிச்சீங்களா?"

"இல்லவே இல்லம்மா."

"நீங்க நல்லா இருக்கணும்," என்று சொல்லி, தெருவில் இறங்கி நடந்தார்.

அவர் போன கையோடு, நகரத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கிறவர் மொட்டைமாடிச் சாவி கேட்டு வந்தார். தண்ணீர்த் தொட்டியில் மாட்டிய கேமராவைக் கழற்ற வேண்டுமாம்.

"சித்த முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம் சார்," என்று காவலாளி பெருமையாகச் சொன்னான். "இப்பத்தான் பைரி விழுந்துச்சு."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "எந்தப் பைரி? அது குளிர் முடிஞ்சதுமே கிளம்பிடுச்சுப்பா. போய் ஆறு வாரமாச்சு."

ஜெனரேட்டர் நின்றது. அந்த அமைதியில், மாடிப்படிக்கு அடியிலிருந்து மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, இந்தக் கயிறு இழுக்க இழுக்க வருது, பதினாலு மாடிக்கும் எட்டும் போல. இதை ஏன் இந்தக் கறுப்புத் தலையணையோட சேத்துத் தைச்சிருக்காங்க?"

ஆறு வாரத்தில் முதல் முறையாகக் காவலாளி எழுந்தான்.