வலிக்கு ஒரு சாட்சி

திலகாவின் தலைவலியை அடக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் கட்டிலருகே தயாராக இருந்தது. ஆனால் சொந்தக்காரர் ஒருவர் அந்தத் தலைவலியை ஒரு நிமிடம் தானும் அனுபவித்து, உண்மைதான் என்று சொன்னால்தான் இன்சூரன்ஸ் கம்பெனி வால்வைத் திறந்துவிடும்.

கணவர் வெளியூரில் இருந்ததால் திலகா தம்பி இளவழகனை அழைத்திருந்தாள்.

“தலைவலிக்கெல்லாமா ஆக்சிஜன் வைப்பாங்க, அக்கா?” என்றபடியே அவன் அவளுடைய வலியைக் கடத்தும் பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டான்.

இடக்கண்ணில் நீர் வழிய, திலகா பட்டையின் பொத்தானை அழுத்தினாள்.

அவன் அலறவில்லை. தரையில் மண்டியிட்டுச் சுவரில் நெற்றியை முட்டினான். “உண்மைதான், உண்மைதான்” என்று முனகினான். வால்வு சீறிக்கொண்டு திறந்தது.

திலகா கை நீட்டுவதற்குள் மாஸ்க்கைப் பறித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான்.

அவள் கண்ணைப் பொத்தியபடி அறைக்குள் அங்குமிங்கும் நடந்தாள்.

“மெதுவா மூச்சு விடு,” என்றாள். “உங்க மாமாவும் மொத தடவ இதத்தான் பண்ணாரு.”