கடகட செயின்

"செயினை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே. சத்தம் நின்னா போதும்."

மெக்கானிக் சிரித்தார்.

"செயினை மட்டும் எப்படித் தம்பி மாத்துறது? முன்னாடி பல்சக்கரம், பின்னாடி பல்சக்கரம், ரெண்டுலயும் பல்லெல்லாம் கொக்கி மாதிரி சாஞ்சு கிடக்கு பாரு. மூணும் ஒண்ணோட ஒண்ணு உரசியே தேஞ்சது. பழைய பல்லுல புதுச் செயினை மாட்டினா அதையும் தின்னு தீர்த்துடும். மாத்தினா மூணையும் மாத்தணும்."

"சரி, மாத்துங்க" என்றான் அவன், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

வண்டிச் சத்தத்தை நிறுத்த மெக்கானிக் இருக்கிறார். வீட்டுச் சத்தத்தை யாரிடம் காட்டுவது?

சாயங்காலம் அவன் வாசலில் கால் வைத்தால் போதும், அம்மாவுக்கும் மனைவிக்கும் மூண்டுவிடும். நேற்று, துணி காயப்போடும் கொடியில் யாருக்கு எந்தப் பக்கம் என்று. முந்தாநாள், சமையலறை விளக்கை அணைக்காமல் வந்தது யார் என்று. போன வாரம் ஒரு கரண்டி. ஒரே ஒரு கரண்டிக்காக இரண்டு பெரிய மனுஷிகள் வீட்டையே இரண்டாக்கினார்கள். போனை வைத்துவிட்டு நடுவில் போய் உட்கார்ந்து, அந்தப் பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம் கொஞ்சம் பேசி அடக்குவதற்குள் அவனுக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

போதும்டா சாமி என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அம்மாவை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. மதியமே அக்காவிடம் பேசியாயிற்று. இன்றைக்கு அம்மாவிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மெக்கானிக் பழைய செயினை உருவித் தூக்கிப் பிடித்தார்.

"இது உங்கப்பா கடைசியாப் போட்ட செயின் தம்பி. இதே ஸ்டூல்லதான் உட்கார்ந்திருந்தார். நீ போனைப் பார்க்கிற மாதிரி அவர் பேப்பரைப் பிரிச்சு வெச்சுக்குவார். பிரிச்சா அவ்வளவுதான், ஆள் காலி."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா செயினுக்கு எண்ணெய் விடுவார். இவன் குந்தி உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கையால் சுற்றுவான். கை முழுக்கக் கறுப்பாகும். அந்தக் கையோடு அம்மாவின் புடவையைப் பிடித்து முதுகில் ஒன்று வாங்குவான்.

அப்போதும் வீட்டில் சண்டைக்குப் பஞ்சமில்லை. அப்போது அம்மாவும், கூடவே இருந்த அப்பாவின் தங்கையும். பைக் தெருமுனை திரும்பும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்காருவார். ஜட்ஜ் மாதிரி இரண்டு தரப்பையும் கேட்பார். கடைசியில் எப்படியோ மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவன் அப்பாவின் மடியில் படுத்து அந்தச் சிரிப்பைக் கேட்டபடியே தூங்கிப் போவான். அதற்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் அவனுக்கு வாய்க்கவில்லை.

அப்பா எப்படித்தான் பொறுத்துக்கொண்டாரோ!

"இதைத் தூக்கிப் போட்டுடவா தம்பி?"

"வேண்டாம்ண்ணே. குடுங்க."

பழைய துணியில் சுற்றி வாங்கிக்கொண்டான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. இத்தனை நாளும் துரத்திய தெருநாய், யாரோ என்று படுத்தபடியே பார்த்தது. வீட்டு வாசலில் இறங்கி கேட்டில் கை வைத்தவன் அப்படியே நின்றான்.

உள்ளே சிரிப்புச் சத்தம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். அம்மா நாற்காலியில் இருந்தாள். கீழே மனைவி, அம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு. அம்மா அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எதுக்கு அத்தை சண்டை போடலாம்?"

"எதுக்கோ போடு. ஆனா கொஞ்சம் பெரிசாப் பிடி. கொடி, விளக்குன்னா அவன் சீக்கிரம் போனைக் கீழ வைக்க மாட்டேங்கிறான்."

"கரண்டிதான் அத்தை பிரமாதம். அன்னைக்கு ஆபீஸ்ல நடந்ததெல்லாம்கூடச் சொன்னாரே! நம்மகூட உட்கார்ந்து சாப்பிட்டாரே!"

"என் நாத்தனார் சொல்லிக் குடுத்த வித்தைடி இது. அவ அண்ணனும் லேசுப்பட்டவர் இல்ல. வீட்டுக்கு வந்தா பேப்பருக்குள்ள போயிடுவார். நாங்க ரெண்டு பேரும் கத்தினாத்தான் வெளிய வருவார். வந்துட்டாருன்னா அவரை மாதிரிப் பேசுறதுக்கு ஆள் கிடையாது."

அம்மா சீப்பை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"வர்ற நேரமாச்சு. செயின் சத்தம் கேக்குதா பாரு."

"இன்னும் கேக்கல அத்தை."

அவன் ஓசைப்படாமல் பின்னால் வந்தான். கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது. 'அம்மா அங்க வரலக்கா' என்று அக்காவுக்கு ஒரு வரி தட்டினான். போனை அணைத்து, வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

பிறகு துணியைப் பிரித்து, பழைய செயினை எடுத்து கேட் கம்பியில் உரசினான். கடகடகடவென்று தெருவுக்கே கேட்டது. கையெல்லாம் கறுப்பாகிவிட்டது.

"என் சீப்பைக் கேக்காம எடுத்தது யாரு?" என்று உள்ளே அம்மாவின் குரல் கிளம்பியது.

"ஆமா, தங்கச் சீப்பு பாரு!" என்றாள் மனைவி.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தான்.