முள்

பழைய மாணவர் சந்திப்புக்கு வந்தவர்கள் சாப்பிட இறங்கிவிட, இயற்பியல் ஆய்வகத்தில் அமலோற்பவமும் ஜெயசீலனும் மட்டும் நின்றார்கள். மேசைமேல், பேட்டரி இணைத்தபடி, அதே மீட்டர். நாற்பது வருடத்துக்கு முன், உடம்பிலும் மின்சாரம் ஓடும் என்று காட்ட, வாத்தியார் இவர்களைத்தான் கைகோக்கச் சொன்னார். ஆளுக்கொரு கம்பியைப் பிடித்ததும் முள் கடைசிவரை தாவியது. “கை வேர்த்திருந்தா அப்படித்தான் ஓடும்” என்றார். வகுப்பே சிரித்தது.

“பிடிச்சுப் பாக்கலாமா?” என்றான் ஜெயசீலன்.

பிடித்தார்கள். முள் அசையவே இல்லை.

“மீட்டர் பழசாயிருச்சு போல” என்று அவன் கையை விலக்கினான்.

அவள் இரண்டு கம்பிகளின் நுனிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தாள். முள் துள்ளியது. கைகள்தான் காய்ந்துபோயிருந்தன.

“போயிடாத, இரு” என்றவள், மூலையிலிருந்த குழாயைத் திறந்து உள்ளங்கையை நனைத்துக்கொண்டு வந்தாள்.