சத்தமில்லாத வண்டி

"டீசல்தான் வாங்கணும்" என்றாள் மனைவி.

"நாம ஓட்டுற ஓட்டத்துக்குப் பெட்ரோல் போதும்டி. எத்தனை தடவை சொல்றது? சத்தமே இருக்காது!" என்று கத்தினார் அவர்.

"டீசலே வாங்குங்கப்பா" என்றார்கள் மகள்கள் இருவரும். எஞ்சின் எது, டிக்கி எது என்று தெரியாத அவருடைய அம்மாகூட, "டீசலே இருக்கட்டும்டா" என்றாள்.

அவருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. இப்போதிருக்கும் டீசல் வேன் தெருமுனையில் திரும்பும்போதே ஊரைக் கூட்டுகிறது. மறுபடியும் அதையே கட்டிக்கொண்டு அழவேண்டுமாம்!

மறுநாள், ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த ஏழு சீட் பெட்ரோல் வண்டியை நேரே வீட்டுக்கு ஓட்டிவந்தார். ஒரு தடவை ஏறி உட்கார்ந்தால் எல்லோரும் வாயடைத்துப் போவார்கள்.

வண்டி வாசலில் வந்து நின்றது யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மகள்கள் ஆட, மனைவி கரண்டியை மைக்காகப் பிடித்துப் பாட, அம்மா கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவரைக் கண்டதும் பாட்டு நின்றது. சிரிப்பும் நின்றது. ஆளுக்கொரு மூலையாகப் போய்விட்டார்கள்.

ஷோரூமில் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

"பெட்ரோலே புக் பண்ணிடலாமா சார்?"

"இல்லப்பா, டீசலே போடு. நான் தெருமுனையில திரும்பும்போதே வீட்டுக்குக் கேக்கணும்."