நாற்பது நாள் விழித்திருந்த கைப்பேசி

கோதையின் கைப்பேசி நாற்பது நாளாகக் கண்ணை மூடவில்லை. அதில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் அன்று காலையிலிருந்து அவளுடைய வேலை விண்ணப்பம் போகாமல் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும், இப்போதே நாலேகால். கைப்பேசியின் உடம்பு வேறு தோசைக்கல்லாகச் சுட்டது.

விலாவில் இருந்த பொத்தான் மெல்லக் கேட்டது: “அண்ணே, ஒருமுறை அணைந்து எழுந்தால் என்ன?”

“நான் அணைந்துவிட்டால் அவளுக்கு வரும் அழைப்பை நீயா எடுப்பாய்?”

“காலையிலிருந்து இரண்டு அழைப்பு வந்தன. நீங்கள் திணறியதில் இரண்டும் மணியடிக்காமலே போய்விட்டன.”

கைப்பேசியின் குரல் இறங்கியது. “அவள் பாடுபட்டு நிரப்பிய விண்ணப்பம் அழிந்துபோனால்?”

“முதலில் அதைச் சேமித்துக்கொள்ளலாம். திறந்து கிடப்பதையெல்லாம் மூடலாம். அப்புறம் நிதானமாக அணையலாம்.”

கோதைக்கும் அதே யோசனை வந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தைச் சேமித்தாள், ஒவ்வொன்றாக மூடினாள், பொத்தானை அழுத்திப் பிடித்தாள். “அணைக்கவா?” என்று கைப்பேசி திரையில் கேட்டது. வேண்டாம் என்பாள் என்றுதான் நம்பியது. அவள் ஆம் என்றாள். திரை முழுதாகக் கறுக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

நாலரைக்குக் கைப்பேசி கண் விழித்தபோது உடம்பு ஆறியிருந்தது. கோதை ஒருமுறைதான் தொட்டாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

“பார்த்தாயா தம்பி,” என்றது கைப்பேசி. “நான் ஒருவன் தூங்காமல் இருப்பதால்தான் இந்த வீட்டில் காரியம் நடக்கிறது.”